பொட்டு வைக்காத அலமாரி

அத்தியாயம் 4

ஒரு ஆளுக்கு மேல் உயரமுள்ள ரோஸ்வுட் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போகிற திருடன், போகும் முன் அந்த இடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போவானா?

மேனகா அந்தத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலக்கோட்டில் தக்காளி மண்டி நடத்தும் பெரியண்ணன் என்பவரின் வீட்டு ஹால் அது. அலமாரி நின்ற சுவர் வெறுமையாக இருந்தது. கீழே ஒரு தூசி தும்பு இல்லை. திருட்டுப் போன அன்றைக்கே இப்படித்தான் இருந்ததாம்.

"நல்ல குடும்பத்துத் திருடனா இருப்பான்க்கா," என்றான் நவநீதன். "எங்க வூட்ல நான் சாப்ட்ட தட்டையே எடுத்து வெக்க மாட்டேன்."

நவநீதன் அவளுடைய உதவியாளன். போலீஸ் செலக்‌ஷனில் ஓட்டத்தில் கோட்டை விட்டவன். வாய்க்கு ஒரு பரீட்சை வைத்திருந்தால் இந்நேரம் இன்ஸ்பெக்டர் ஆகியிருப்பான். மேனகா தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு ஜூஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். வருகிற கேஸில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்று பார்த்துச் சொல்வது. அத்தி பூத்த மாதிரிதான் இப்படி ஒரு திருட்டு வரும்.

கேஸைக் கொண்டுவந்தவள் சசிகலா. வீடுகளைத் திருத்தி அலங்கரிப்பது அவள் தொழில். ஊரார் கழித்துப்போட்ட பழைய மரச்சாமான்களைத் தேடி வாங்கி, இழைத்து, பாலிஷ் ஏற்றி, அவற்றை வைத்தே வீட்டைப் புதுசாக்கிவிடுவாள். டேப் பிடித்து அளக்க மாட்டாள். பிளானும் கிடையாது. காலி அறையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு டீ குடிப்பாள். எழுந்திருக்கும்போது எது எங்கே என்று மனசு சொல்லியிருக்கும். இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி இருந்தவை, மூடிப்போன சினிமா கொட்டகை ஒன்றின் மர நாற்காலிகள். சீட் நம்பரைக்கூட அவள் அழிக்கவில்லை.

எல்லாம் போன புரட்டாசி சனிக்கிழமை வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பெரியண்ணன் குடும்பத்தோடு திருப்பதி போய்த் திரும்பி வந்து பார்த்தால் அலமாரி இல்லை. பூட்டு உடையவில்லை. ஜன்னல் ஸ்கிரீன் மாட்டுவதற்காக ஒரு சாவி சசிகலாவிடம் இருந்தது. வேறென்ன வேண்டும்? ஆயுத பூஜை முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனிதர், இன்று காலை மண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பிவிட்டார். அந்தப் பொம்பளையை யாரும் வீட்டுக்குள் விடாதீர்கள் என்று.

சசிகலாவின் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அந்த குரூப்பில்தான் இருக்கிறார்கள். அடுத்த டீ வேளைக்குள் பென்னாகரத்திலிருந்து போன் வந்துவிட்டது. பாதி வேலை நடந்துகொண்டிருந்த வீடு. இனி வர வேண்டாம் என்றார்கள்.

"பொழுது சாய்றதுக்குள்ள அலமாரி வரலேன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்னுட்டாருங்க்கா," என்றாள் சசிகலா. "திருடின்னு பேரு வந்துட்டா எவ வூட்டுக் கதவு எனக்குத் தொறக்கும்?"

மேனகா வாசல் நிலையைத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. "இந்த அலமாரி முழுசா இந்த வழியில போகாது. கழட்டித்தான் எடுத்திருக்காங்க."

"ஆணியே இல்லாத அலமாரிங்க. எல்லாம் ஆப்பு வெச்சு இறுக்குனது. எந்த ஆப்பை எப்ப தட்டணும்னு தெரியாம கை வெச்சா ஒடஞ்சிரும். எனக்குத் தெரியும், அதுக்கு பாலிஷ் போட்ட மாதேஷண்ணனுக்குத் தெரியும்."

"அவரைக் கேட்டியா?"

"ஏரியூர்ல மாமனார் வூட்டுக்குப் போயிட்டேன்னு சொன்னாருங்க."

மேனகா தலையாட்டினாள். பிறகு ஜன்னலோரம் கிடந்த சாய்வு நாற்காலியைக் காட்டினாள். "இதை அங்க போட்டது நீயா?"

சசிகலா அப்போதுதான் அதைக் கவனித்தாள். மாமியார் சமைத்த குழம்பில் உப்பு பார்க்கிற முகத்தோடு அதைச் சுற்றி வந்தாள். "இது என் கை இல்லீங்க. நான் ஹால் நடுவுல, அலமாரிக்கு நேரா போட்டிருந்தேன். இங்க போட்டா வெயில் மூஞ்சியில அடிக்கும். யாரு இப்பிடிப் போடுவா?"

"கூட்டும்போது நவுந்திருக்கும்," என்று சமையலறைப் பக்கமிருந்து குரல் வந்தது. காபித் தட்டோடு நின்றிருந்தாள் பெரியண்ணனின் மனைவி கண்ணம்மாள்.

மேனகா நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். எதிரே காலிச் சுவர். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். இடைவழி, அதன் முடிவில் சமையலறை, அதையும் தாண்டி விரியத் திறந்து கிடந்த பின்வாசல்.

"அலமாரியில கண்ணாடி இருந்துச்சா?"

"முன்னால பூரா முகம் பாக்கற கண்ணாடிதாங்க," என்றாள் சசிகலா. "அதுக்காகத்தான் அதை வாங்குனேன்."

கண்ணம்மாள் கையிலிருந்த தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மேனகா எழுந்து போய் ஒரு காபியை எடுத்துக்கொண்டாள். நல்ல காபி என்று சொன்னாள். அதற்கு மேல் அந்த அம்மாளிடம் அவள் எதையும் கேட்கவில்லை.

மாதேஷின் பட்டறைக்கு மண்டி வழியாகத்தான் போக வேண்டும். சசிகலாவின் லோடு ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு மேனகா உள்ளே போனாள். சசிகலா இறங்கவில்லை. நேற்று வரை அக்கா என்று கூப்பிட்டவர்கள் இன்று அவளைப் பார்க்காத மாதிரி தக்காளியைப் பார்த்தார்கள்.

பெரியண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். தராசு, கல்லாப்பெட்டி, கால்குலேட்டர் என்று எல்லாவற்றிலும் நேற்றைய பூஜையின் சந்தனமும் குங்குமமும். பேச்சைக் குறைத்து மீசையை வளர்த்தவர்.

"ஒரு தடயம் கெடச்சிருக்குங்கண்ணா," என்றாள் மேனகா.

"கண்ணாடி ஒடையாம இருக்கா?"

"இன்னும் அலமாரியைப் பாக்கலீங்க."

"பாத்தா மொதல்ல கண்ணாடியைப் பாருங்க. மரம் போனா மரம் வரும்."

வெளியே நவநீதன், கிரேடு என்கிற தக்காளிப் பெட்டிகளைத் தூக்குகிறவர்களோடு பொரி தின்றுகொண்டிருந்தான். ஆயுத பூஜைக்கு மறுநாள் எந்தக் கடைக்குப் போனாலும் பொரி கடலை தருவார்கள். சட்டைப் பை இரண்டும் புடைத்திருந்தன.

"வயித்துக்கு மட்டும்தானா, காதுக்கும் ஏதாவது போட்டாங்களா?" என்றாள் மேனகா.

"ஓனர் இந்த ஒரு மாசமா புதுப்பழக்கம் பழகிட்டாராம்க்கா. முன்னெல்லாம் மத்தியானம் கிரேடு மேலயே சாஞ்சுக்குவாராம். அலமாரி வந்ததுலேர்ந்து தெனம் வூட்டுக்குத் தூங்கப் போயிடறாராம். அது காணாமப் போனதும் தூக்கமும் போச்சு. திரும்ப கிரேடுதான்." நவநீதன் ஒரு கை பொரியை வாயில் போட்டான். "அலமாரிக்குள்ள படுத்துத் தூங்கியிருப்பாரோ?"

மேனகா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காவிட்டால் தான் ஏதோ உருப்படியாகச் சொல்லிவிட்டோம் என்று நவநீதனுக்குத் தெரியும். என்ன சொன்னோம் என்பதுதான் தெரியாது.

மாதேஷின் பட்டறை பென்னாகரம் ரோட்டில், ஒரு புளியமரத்தை ஒட்டி இருந்தது. ஏரியூரில் இருப்பதாகச் சொன்ன மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு தொட்டிலுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். சசிகலாவைக் கண்டதும் உப்புத்தாள் நின்றது.

"மாமனார் அதுக்குள்ள தொரத்திட்டாரா?" என்று விசாரித்தான் நவநீதன்.

"காலையிலதான் வந்தேனுங்க."

"அலமாரி காணாமப் போன சனிக்கிழமையே வந்துட்டீங்களோன்னு பாத்தேன்."

மேனகா பட்டறையைச் சுற்றி வந்தாள். கட்டில் கால்கள், உடைந்த பெஞ்சுகள், பாதி இழைத்த ஒரு கதவு. ரோஸ்வுட் அலமாரி எங்கும் இல்லை. பின்மூலையில் வானநீலத்தில் கன்னாபின்னாவென்று பெயின்ட் அடித்த பெரிய ரேக் ஒன்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதன் முதுகில் பழைய சாக்கு தொங்கியது. தலையில் வார்னிஷ் டின்கள்.

"மாதேஷண்ணா, பக்தி அதிகமுங்களா உங்களுக்கு?"

"ஏதோ சாமி புண்ணியத்துல பொழப்பு ஓடுதுங்க."

அதிகம்தான். இழைப்புளிக்குப் பொட்டு, வாளுக்குப் பொட்டு, டிரில்லிங் மெஷினுக்கு மாலையே போட்டிருந்தது. தண்ணீர் டிரம்முக்குப் பொட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலுக்குப் பொட்டு, சுவிட்ச் போர்டுக்கு, விளக்குமாற்றுக்கு, செல்போன் சார்ஜருக்கும்கூட. வாசலில் படுத்திருந்த நாயின் நெற்றியிலும் ஒன்று. நாய் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் நின்னா நமக்கும் வெச்சு விட்ருவாரு," என்றபடி நவநீதன் நீல ரேக்கின் மேல் சாய்ந்தான்.

"எல்லாத்துக்கும் வெச்சீங்க. வேலைக்கு வராத அந்த நாய்க்குக்கூட வெச்சீங்க," என்றாள் மேனகா. "இவ்வளவு பெரிய ரேக்குக்கு மட்டும் ஏங்க வெக்கல? கண்ணுக்குத் தெரியலையா?"

மாதேஷ் உப்புத்தாளை மடிக்க ஆரம்பித்தார்.

"நவநீதா, கொஞ்சம் திரும்பு."

அவன் திரும்பினான். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க வானநீலம்.

"ஐயோ, இது புதுச் சட்டைக்கா."

மேனகா கர்ச்சீப்பை டிரம்மில் நனைத்து ரேக்கின் விலாவில் ஒரு இழுப்பு இழுத்தாள். நீலம் பசை பசையாக வழிந்தது. அடியில் கருஞ்சிவப்பில் மரம் பளபளத்தது. சசிகலா ஓடிவந்து சாக்கை விலக்கி, அந்த ஆப்புகளைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் கையை விட்டு, கண்ணாடி முழுசாக இருக்கிறதா என்று தடவினாள். இருந்தது. அந்த நிம்மதியில் அவளுக்கு மாதேஷைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க," என்றாள் மேனகா.

"மைதாப் பசைங்க. நீலப்பொடி கலந்து பூசுனேன்," என்றார் மாதேஷ் தாழ்ந்த குரலில். "எனாமல் அடிச்சா மரம் செத்துப் போயிருங்க. நான் போட்ட பாலிஷ். எனக்கு மனசு வருமா?"

"பொட்டு வெக்கவும் மனசு வரல."

"என்னுதா இருந்தா வெக்கலாமுங்க. அடுத்தவங்க பொருளை மறைச்சு வெச்சுக்கிட்டு, இதுவும் என் பொழப்புதான்னு சாமிகிட்ட எப்பிடிங்க காட்டறது? குங்குமத்தைத் தொட்டுட்டுப் பக்கத்துல போனேன். அப்பிடியே திரும்பி வந்துட்டேன்."

"யார் சொல்லி எடுத்தீங்க?"

அவர் சசிகலாவைப் பார்த்தார். "உனக்கு இப்பிடி ஆகும்னு எனக்குத் தெரியாது தாயி. கண்ணம்மாளம்மாதான் சாவியைக் குடுத்தாங்க. திருப்பதி போயிட்டு வர்றதுக்குள்ள எடுத்துடு மாதேசு, இந்தக் கண்ணாடி கொஞ்ச நாளைக்கு என் வூட்ல வேணாம்னு அழுதாங்க. ஏன்னு நான் கேக்கல. எடுத்த எடத்தைப் பெருக்கித் தொடச்சிட்டு வந்துட்டேன்."

வீட்டுக்காரியே தன் வீட்டில் திருடியிருக்கிறாள். நவநீதனுக்குக்கூட இதற்கு உடனே நக்கல் வரவில்லை.

அலமாரியைக் கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மேனகா கேட்டாள். "அவங்களுக்குக் கொழந்தைங்க?"

"ஒரே மக. ஐஸ்வர்யா. காதலிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. இதே ஊர்ல, ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கா. வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு அண்ணன். அவ பேரைச் சொன்னாலே எழுந்து போயிருவாரு." சொல்லிக்கொண்டே வந்த சசிகலா நிறுத்தினாள். அவளும் அந்த ஹாலை மனதில் பார்த்துவிட்டாள். "அக்கா, அவ பின்வாசல்ல வர்றாளா?"

"அண்ணன் மண்டியில இருக்கற மத்தியான நேரத்துல வந்துட்டுப் போவா. நீ ஒரு டீயைக் குடிச்சிட்டு, மனசு சொல்லுச்சுன்னு, சரியா பின்வாசல் தெரியற மாதிரி ஆள் உயரக் கண்ணாடியைக் கொண்டுபோய் நிறுத்திட்ட. அந்த நேரம் பாத்து அவரும் தூங்க வர ஆரம்பிச்சிட்டாரு. பெத்தவ என்ன பண்ணுவா? அலமாரியை எடுக்க வெச்சு, நாற்காலியையும் நவுத்திட்டா."

சசிகலா பின்னால் ஏற்றியிருந்த கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். "இதைச் சொன்னா என் பேரு தப்பிச்சிரும். அந்தப் பொண்ணு வர்றது நின்னு போயிரும்."

"ஆமா."

"எனக்கு எம் பேரு வேணும்க்கா," என்றாள். உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்காக இப்பிடியா?"

"கொஞ்சம் பொறு. இன்னொரு ஆள் இன்னும் உண்மையைச் சொல்லல."

பெரியண்ணன் சட்டை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பும் கோலத்தில் ஹாலில் நின்றிருந்தார். பாதி நீலமும் பாதி கருஞ்சிவப்புமாக அலமாரியின் பாகங்கள் உள்ளே வந்தன. அவர் நேராகக் கண்ணாடிக் கதவிடம் போய், துண்டால் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை துடைத்துப் பார்த்தார்.

"எவன் வூட்ல இருந்துச்சு?"

மேனகா பதில் சொல்வதற்குள் கண்ணம்மாள் முன்னால் வந்தாள்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன். அந்தப் புள்ள மேல எந்தத் தப்பும் இல்ல."

"நீயா? எதுக்கு?"

கண்ணம்மாள் தரையைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமுங்களா அண்ணா?" என்றாள் மேனகா. "அலமாரி திருடு போச்சுன்னா எல்லாரும் மரம், வேலைப்பாடு, வெலைன்னுதான் கேப்பாங்க. நீங்க கண்ணாடியை மட்டும் கேட்டீங்க. அது இருந்த வரைக்கும் மத்தியானம் தூங்க வந்தீங்க. அது போன அப்புறம் வரவே இல்ல. கண்ணாடி இல்லாம தூக்கம் வராதா உங்களுக்கு?"

பெரியண்ணன் மீசையைத் தடவினார். அது அவர் யோசிக்கிற வழக்கமல்ல, தப்பிக்கிற வழக்கம் என்று மேனகாவுக்குத் தோன்றியது.

"மூஞ்சில துண்டைப் போட்டுக்கிட்டுத் தூங்குனாருங்களே," என்றாள் கண்ணம்மாள் குழப்பமாக.

"மெல்லிசு துண்டுதானே," என்றார் அவர்.

சினிமா கொட்டகை நாற்காலி ஒன்றில் அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"ஒரு நாள் வூட்டைப் பாக்கலாம்னு சும்மா வந்து சாஞ்சேன். கண்ணாடியில பின்வாசல். மஞ்சக் கலர் சுடிதார்ல நிக்கறா. சொம்புத் தண்ணியை அண்ணாந்து குடிச்சா. சின்னப் புள்ளையில இருந்தே அப்பிடித்தான், பாதியைக் கழுத்துல ஊத்திக்குவா. ரெண்டு வருசமாச்சு அவளைப் பாத்து." கையிலிருந்த துண்டை மடித்தார். "எந்திரிச்சா ஓடிப்போயிருவா. அதான் தூங்கிட்டேன்."

கண்ணம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அடப்பாவி மனுசா. நான் தெனம் உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு அவளுக்குச் சோறு போட்டேனே. வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"முன்வாசலைத்தானே சொன்னேன். பின்வாசலைப் பத்தி நான் எப்ப பேசுனேன்?"

நவநீதன் மேனகாவின் காதில் சொன்னான். "இவரு வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்க்கா."

கண்ணம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த வீட்டுக்கு அந்தச் சாயங்காலம் நல்ல சாயங்காலமாக ஆகிக்கொண்டிருந்தது. சசிகலா மட்டும் ஓரமாக நின்றாள்.

"அண்ணா, குரூப்புல என்னைப் பத்தி..."

"போட்டுடறேன்மா." பெரியண்ணன் போனை எடுத்தார். "அலமாரி கெடச்சிருச்சுன்னு போட்டுடறேன்."

"கெடச்சிருச்சுன்னு போட்டா, போலீசுன்னதும் பயந்து திருப்பிக் குடுத்துட்டான்னுதான் பேசுவாங்கண்ணா."

"வூட்லயே ஒரு மூலையில இருந்துச்சுன்னு போடவா?"

"ஆள் உயர அலமாரி வூட்டு மூலையில இருந்தது தெரியலையான்னு உங்களைப் பாத்துச் சிரிப்பாங்க. அப்புறம் பாவம்னு என்னைக் காப்பாத்தறீங்கன்னு சொல்வாங்க." சசிகலா கையெடுத்துக் கும்பிட்டாள். "யாரு எடுத்தாங்க, எதுக்கு எடுத்தாங்கன்னு சொன்னாத்தாங்க என் பேரு மீளும்."

பெரியண்ணனுக்குப் புரிந்தது. மேனகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் பேரைக்கூட அந்த மண்டியில் இரண்டு வருஷமாகச் சொல்லாமல் இருந்தாரோ, அவளைப் பற்றி அதே மண்டிக்காரர்களிடம் பேச வேண்டும். அவர் தக்காளிக்கு ஏலம் கூறுகிற குரலை மாவட்டத்துக்கே தெரியும். இப்போது அந்தக் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. போனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கும்பிட்டபடி நின்ற சசிகலாவைப் பார்த்தார்.

பிறகு குரூப்பில் பேசி அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

"பெரியண்ணன் பேசறேன். காலையில சசிகலாவைப் பத்திச் சொன்னது என் தப்பு. அந்தப் பொண்ணு எதையும் எடுக்கல. அலமாரியை எடுத்து வெச்சது எங்க வூட்டம்மா. எதுக்குன்னு நாளைக்கு மண்டியில குசுகுசுன்னு பேசுவீங்க, அதனால நானே சொல்லிடறேன். எம் மக ஐஸ்வர்யா தெனம் பின்வாசல்ல வந்து அவங்கம்மாவைப் பாத்துட்டுப் போவா. நான் தூங்கற மாதிரி படுத்துக்கிட்டு அந்த அலமாரிக் கண்ணாடியில அவளைப் பாத்துக்கிட்டிருந்தேன். அது தெரியாம என் பொண்டாட்டி பயந்துபோயி கண்ணாடியை எடுத்துட்டா. நடந்தது இதுதான். சிரிக்கறவன் சிரிச்சுக்கங்க. நாளையிலேர்ந்து எம் மக முன்வாசல்ல வருவா. சசிகலாவுக்கு வேலை வேணாம்னு எவன் சொன்னானோ, அவன் இப்பவே போன் போட்டுக் கூப்புடணும்."

விரலை எடுத்தார். கண்ணம்மாள் அதற்குள் மகளைக் கூப்பிடச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள்.

சசிகலாவின் போன் அடித்தது. பென்னாகரத்து வீட்டுக்காரர். அவளால் உடனே எடுக்க முடியவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.